செய்தியைச் சத்தமாகக் கேட்கிற வீடு

2025 ஆகஸ்டு 31, தேசிய தினத்தன்று, 18 வயது நிறைந்த மலேசியர் எல்லாருடைய ஐசியிலும், அதாவது அடையாள அட்டையிலும், அரசாங்கம் ஆளுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) போட்டது. சாரா என்கிற அத்தியாவசியப் பொருள் உதவி. ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு. யாரும் எங்கேயும் பதிய வேண்டாம், விண்ணப்பம் எழுத வேண்டாம். மைகாட் என்கிற அந்த ஐசியை, திட்டத்தில் சேர்ந்த கடையில் நீட்டினால் அரிசி, முட்டை, எண்ணெய், சவர்க்காரம் என்று வாங்கிக்கொண்டு வரலாம் என்றிருந்தது.

இவ்வளவு எளிமையான விஷயம், கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக்கு ஒரு பெண்ணின் குரலாக வந்து சேர்ந்தது. "அக்காமாரே, அண்ணன்மாரே, அந்த நூறு வெள்ளி வேணும்னா இன்னிக்கு ராத்திரிக்குள்ள கீழ உள்ள லிங்க்ல ஐசி நம்பரும் பேங்க் நம்பரும் போட்டுடுங்க. போடலன்னா காசு திரும்பப் போயிடும். உங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிவிடுங்க." நல்ல தமிழ், நம் ஊர்த் தமிழ். பதற்றமும் அக்கறையும் கலந்த குரல். கேட்டால் யாருக்கும் கை பரபரக்கும்.

எதிர்வீட்டு அக்கா கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எழுத்து சின்னதாக இருக்கிறது, நம்பரைத் தட்டிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவர். நான் வாங்குவதற்குள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா, "என்னா அது, சத்தமாப் போடு, நானும் கேக்குறேன்" என்றார். போட்டார்கள். பெரியம்மா முழுதும் கேட்டுவிட்டு, "யாரு இந்தப் பொம்பள?" என்றார்.

"தெரியல பெரியம்மா. எங்க நாத்தனார் அனுப்புச்சு."

"உன் நாத்தனார் குரலா இது?"

"இல்ல. அதுக்கு யாரோ அனுப்பியிருக்காங்க."

"அப்ப இவ யாரு? ரேடியோவுல ஒண்ணும் பதிய வேணாம், காசு தானா ஐசியில ஏறிடும்னுதானே சொன்னாங்க?"

அவ்வளவுதான். அக்கா லிங்க்கைத் தொடவில்லை. மறுநாள் ஐசியை எடுத்துக்கொண்டு போய் அரிசியும் எண்ணெயும் வாங்கி வந்தார். நாத்தனாருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

இந்தச் சின்னச் சம்பவம் என்னை விடவில்லை. காரணம், படிப்புக் கணக்கில் பார்த்தால் இது தலைகீழாக நடந்திருக்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தவர், தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போனவர். ஏமாறாமல் காப்பாற்றியது அவர். படித்த அக்கா அந்தக் குரலைத் தன் சமையலறையில் தனியாகக் கேட்டார். பெரியம்மா அதைக் கூடத்தில், நாலு பேர் நடுவில் கேட்டார். வித்தியாசம் அதில்தான் இருந்தது என்று நான் நம்புகிறேன். முதியவர்கள் ஏமாறுகிறார்கள், எதை வேண்டுமானாலும் அனுப்புகிறார்கள் என்று இளையவர்கள் சலித்துக்கொள்வதைத் தினமும் கேட்கிறேன். அவர்கள் அறிவில்லாமல் ஏமாறவில்லை. தனியாகக் கேட்டு ஏமாறுகிறார்கள்.

பெரியம்மாவுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் தாத்தா செய்தித்தாள் படிக்கிற ஆள். தாள் வாங்குவது கடைக்காரர், படிப்பது தாத்தா, கேட்பது லயத்து ஜனங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள். மத்தியானம் பால் நிறுத்துப் போட்டு, குளித்துச் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு கடை ஐந்தடியில், அதாவது கடை முன் தாழ்வாரத்தில், உட்கார்ந்து தமிழ் நேசனைப் பிரிப்பாராம். சில நாள் தமிழ் முரசும் கிடைக்கும். படிக்கத் தெரியாத ஜனங்கள்தான் அதிகம். ஆனால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு வரி முடிவதற்குள் கேள்வி வரும். எந்த ஊர்ல? யாரு சொன்னதா போட்டிருக்கான்? போன வாரம் வேற மாதிரி படிச்சியே? விலை ஏறுதுன்னா எப்பலேருந்து? தாத்தா திரும்ப முதலிலிருந்து படிப்பார். ஒரு பத்தியைப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும் என்று பெரியம்மா சொல்வார். கங்காணி ஒரு பக்கம் பேச, சங்கத்துக்காரர் இன்னொரு பக்கம் பேச, கடைசியில் ஒன்றை நம்பலாமா வேண்டாமா என்பது அந்த ஐந்தடியிலேயே தீர்ந்துவிடும். சிறு பிள்ளையாகக் கடையில் எண்ணெய் வாங்கப் போன பெரியம்மா நின்று கேட்டுவிட்டு வந்து, வீட்டில் தன் அம்மாவிடம் வரி மாறாமல் ஒப்பிப்பாராம்.

தமிழ் நேசன் 1924-ல் தொடங்கிய பத்திரிகை. 2019-ல் நிறுத்திவிட்டார்கள். அது நின்றபோது நிறையப் பேர் வருத்தப்பட்டு எழுதினார்கள், நானும் வருத்தப்பட்டேன். ஆனால் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே அந்த ஐந்தடி போய்விட்டது. தோட்டங்களைத் துண்டாடினார்கள், விற்றார்கள், வீடமைப்பாக மாற்றினார்கள். ஜனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். லயத்தில் இருந்த வாசல் இங்கே கிடையாது, இரும்புக் கிராதி உண்டு. எங்கள் வரிசையில் பெரும்பாலான வீடு தமிழர் வீடுதான். ஆனாலும் ஒருவர் வீட்டுச் செய்தி இன்னொருவருக்குத் தொலைபேசி வழியாகத்தான் போகிறது.

அந்தத் தொலைபேசிக்குள் தமிழ் வந்த கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. முத்து நெடுமாறன் மலேசியர். அவர் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியது 1985-ல். கைபேசியில் தமிழில் எழுத வழி செய்த அவருடைய செல்லினம் 2005-ல் வெளிவந்தது. கணினியிலும் கைபேசியிலும் தமிழ் எழுதுகிற உலகத் தமிழர் பலர், மலேசியத் தமிழர் ஒருவரின் உழைப்பைத் தெரிந்தோ தெரியாமலோ பயன்படுத்தியிருக்கிறார்கள். இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஆனால் என் அம்மா தலைமுறை தட்டச்சுக்குப் போகவில்லை. அவர்களுக்குப் பேச்சுதான் வசதி. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டு விட்டால் போய்விடுகிறது. அதனால் எங்கள் குடும்பக் குழுவில் எழுத்தைவிடக் குரல்தான் அதிகம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்தாக வந்த செய்தி என்றால் அதில் நாலு சொல்லை எடுத்து இணையத்தில் தேடிப் பார்க்கலாம். குரலை அப்படிச் சட்டென்று தேட முடியாது. யார் பேசியது, எப்போது பேசியது, எந்த ஊர்க்காரர், எதுவும் அதில் ஒட்டியிருக்காது. மூன்று வருஷம் முன்னால் வேறொரு நாட்டில் பேசியதாக இருந்தாலும் இன்று காலை பக்கத்துத் தெருவில் பேசியது போலவே கேட்கும். அதற்கு மேல், அது வந்து சேருவது அண்ணியின் பெயரில், சம்பந்தியின் பெயரில். அனுப்பியவரை நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், சொன்னவரைத் தெரியவே தெரியாது. இரண்டு பேரும் ஒரே திரையில், ஒரே படத்துக்குக் கீழே வருகிறார்கள். அண்ணியை நம்பாமல் இருப்பது எப்படி?

வாட்சப் நிறுவனமே இதற்கு ஏதோ செய்து பார்த்தது. 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகமெங்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கும். பெரியம்மாவுக்கு அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "ரெட்ட அம்பு இருக்கு, இது ஊர் சுத்திட்டு வந்தது" என்று இப்போது அவரே சொல்கிறார். எனக்கு இந்த அம்புக்குறி பெரிய உதவி. எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற அடையாளம்.

நம் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-லேயே செபெனார்ஞா என்ற சரிபார்ப்புத் தளத்தைத் தொடங்கியது. அது மலாய்த் தளம், எங்கள் வீட்டு முதியவர்களுக்கு எட்டவில்லை. 2025 ஜனவரியில் ஐஃபா என்ற செயற்கை நுண்ணறிவுச் சேவையைக் கொண்டு வந்தார்கள். வாட்சப்பிலேயே கேள்வி கேட்டால் பதில் சொல்லும், தமிழிலும் சொல்லும். தமிழைச் சேர்த்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். அம்மா ஒரு தடவை அதில் கேட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "அது சொன்னது சரிதானா?" என்று கேட்டார். அதாவது அந்தப் பதிலையும் இன்னொரு மனிதர் முன்னால் வைத்துக் கேட்டுப் பார்த்துத்தான் அவருக்கு நம்ப வருகிறது. அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றே நினைக்கிறேன்.

சரி, காசு விஷயத்தில் இதெல்லாம் எளிது. காசு வந்ததா இல்லையா என்று பார்த்துவிடலாம். சாமி விஷயத்தில்?

1995 செப்டம்பர் 21 என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டில்லியில் கிளம்பிய செய்தி அன்றைக்கே லண்டன், நியூயார்க் வரை போயிற்று. இணையம் வீட்டுக்கு வராத காலம். எல்லாம் வெறும் தொலைபேசி. எங்களுக்கும் உறவுக்காரர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அப்போது நாங்கள் செந்தூலுக்கு வந்துவிட்டோம். பெரியம்மா செம்பில் பால் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று கரண்டியால் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்து, அது கல்லின் மேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே இறங்குவதைக் காட்டினார்கள். திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை கரண்டியிலிருந்து பாலை இழுக்கிறது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்ட இந்த விளக்கத்தைப் பெரிய கண்டுபிடிப்பாக நான் வீட்டில் வந்து சொன்னேன். பெரியம்மா, "எனக்குத் தெரியும்டா. தும்பிக்கையில வச்ச பால் வழிஞ்சு நெஞ்செல்லாம் நனஞ்சு கிடந்துச்சு. நான்தான் பக்கத்துல நின்னு பாத்தேனே" என்றார். அப்புறம், "ஆனா நான் ஊத்துனது பிள்ளையாருக்குத்தானே" என்றார்.

இந்தப் பதிலை இத்தனை வருஷமாக யோசித்து வருகிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. பார்த்தார், பார்த்ததைப் புரிந்துகொண்டார். பூசை பூசையாகவே இருந்தது. அவருடைய பக்திக்கு அதிசயம் தேவைப்படவில்லை. அதிசயத்தைச் சொல்லிப் பிழைக்கிறவர்களுக்குத்தான் அது தேவை.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது உலக்கை வந்தது. கிரகண நேரத்தில் உலக்கையைத் தாம்பாளத்தில் நிறுத்தினால் பிடிக்காமல் நிற்கும், கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்று தமிழ்நாட்டிலிருந்து காணொளி மேல் காணொளி. எங்கள் வீட்டில் தோட்டத்திலிருந்து கொண்டு வந்த பாட்டியின் உலக்கை இருக்கிறது. அடியில் இரும்புப் பூண் போட்டது, கறுத்து வழவழவென்று இருக்கும், நடுவில் கை பிடித்துப் பிடித்து லேசாக இளைத்திருக்கும். அம்மா எவர்சில்வர் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி வைத்தார். பெரியம்மா உலக்கையை இரண்டு கையாலும் செங்குத்தாகப் பிடித்து, அது எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது என்று உள்ளங்கையில் உணர்ந்து உணர்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். நின்றது. வீட்டுப் பிள்ளைகள் கத்தினார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். படம் எடுத்துக் குழுவில் போட்டோம், ஏழெட்டு வீட்டிலிருந்து அதே மாதிரி படம் வந்தது.

சில வாரம் கழித்து, பொங்கலுக்கு வீடு கழுவுகிறபோது உலக்கையை வெளியே எடுத்தோம். பெரியம்மாதான் சொன்னார். "இன்னிக்குக் கிரகணம் ஒண்ணும் இல்லியே. நிக்குதான்னு பாப்பமே." அதே தாம்பாளம், அதே இடம். அன்றும் நின்றது. தண்ணீர் இல்லாமல் வெறும் தரையில் வைத்தார். அங்கேயும் நின்றது. பூணின் அடி தட்டையாக இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது, கை பொறுமையாக இருக்கிறது. வேறொன்றும் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு முகம் வாடிப்போயிற்று. பெரியம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. "அப்ப உலக்க நிக்கிறதுக்கும் ராகுவுக்கும் சம்பந்தமில்ல. தல முழுகறதும் வெளக்கேத்தறதும் நாம செய்யறது. அதச் செய்வோம்" என்று உலக்கையைத் துடைத்து மூலையில் சாத்தினார்.

பகுத்தறிவு பேசுகிறவர்களும் சரி, பக்தி பேசுகிறவர்களும் சரி, இப்படிப்பட்ட ஒரு மனுஷியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பக்கத்தார் அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்குகிறார்கள். இன்னொரு பக்கத்தார் அவருடைய நம்பிக்கையைப் பயமாக மாற்றி, பதினோரு பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் வீட்டில் கெட்டது நடக்கும் என்று மிரட்டுகிறார்கள். முன்பு தபால் அட்டையில் வந்த மிரட்டல்தான் இது. அதில் பதின்மூன்று அட்டை கையால் எழுத வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும். செலவும் கைவலியும் இருந்ததால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். இப்போது கட்டைவிரல் போதும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு செய்து கொடுக்கிற சாமி படங்களும் சேர்ந்துவிட்டன. கொஞ்ச நாள் முன்னால் பத்துமலை முருகன் சிலை கண் திறப்பதுபோல் ஒரு காணொளி வந்தது. 42.7 மீட்டர் உயரச் சிலை, 2006-ல் திறந்தது, நாங்கள் வருஷா வருஷம் அண்ணாந்து பார்க்கிற முகம். காணொளியில் அந்த முகம் லேசாக அசைந்து இமை திறக்கிறது. அம்மா அழுதுவிட்டார். அழுகையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரியம்மா இரண்டாம் தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "படிக்கட்டுக்கு என்னாச்சு?" என்றார். படிக்கட்டு சாம்பல் நிறத்தில் இருந்தது. 272 படிக்கும் வானவில் நிறம் பூசி 2018 ஆகஸ்டிலிருந்து நாம் அப்படித்தான் பார்த்து வருகிறோம். "அதோட ஒரு குரங்குகூட இல்லயே. குரங்கு இல்லாத பத்துமலையா?" என்றார். கையில் இருந்த பழத்தை அந்தக் குரங்குகளிடம் பறிகொடுத்துப் பழகியவருக்கு அது தெரியும். எந்தக் கருவியும் இதைவிடத் துல்லியமாகக் கண்டுபிடித்திருக்காது.

தொலைபேசியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 2021 தைப்பூசத்தின்போது, தொற்றுக் காலத்தில், பத்துமலைக்குப் பக்தர்கள் போக முடியவில்லை. வெள்ளித் தேர் மட்டும் கூட்டம் இல்லாமல் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டுப் போனது. பெரியம்மா தொலைபேசியைச் சாமி அலமாரியில் சாய்த்து வைத்து, விளக்கேற்றி, தேர் போகிற நேரலையைப் பார்த்துக் கும்பிட்டார். வருஷா வருஷம் பால்குடம் எடுத்த கால்கள் அன்று வீட்டிலேயே நின்றன. அந்தக் கருவி இல்லாவிட்டால் அவர் எப்படித் தாங்கியிருப்பார் என்று தெரியவில்லை. அதே கருவியில்தான் அந்த மாதங்களில் எந்தக் கஷாயம் கொரோனாவை விரட்டும், எந்த ஊசி ஆளைக் கொல்லும் என்று இரவும் பகலும் குரல்கள் வந்து விழுந்தன. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத நாட்கள். எல்லாரும் தனித்தனியாகக் கேட்டார்கள், தனித்தனியாகப் பயந்தார்கள்.

பயம் வீட்டோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவில் சீபீல்ட் மாரியம்மன் கோயிலை இடம் மாற்றுகிற விவகாரம் கலவரமாக வெடித்தபோது, எங்கள் குழுக்களில் வந்தது எது உண்மை எது பொய் என்று பிரிக்கவே முடியவில்லை. அங்கே காயமடைந்த தீயணைப்பு வீரர் அடுத்த மாதம் இறந்துபோனார். அந்த வேதனை மலாய், இந்திய இரண்டு சமூகத்திலும் இன்னும் ஆறவில்லை. 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலை இடம் மாற்றுகிற பேச்சு வந்தபோது எனக்கு அந்த 2018 ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. அந்தக் கோயில் எனக்கும் மனதுக்கு நெருக்கமானது. துணிக்கடைக்குப் போகிறபோதெல்லாம் நின்று கும்பிட்டுப் போன இடம். தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தை விட்டு நகரச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைச் சொல்ல வேண்டும், சத்தமாகவே சொல்ல வேண்டும்.

ஆனால் "இன்னிக்கு ராத்திரியே இடிக்கப் போறாங்க, எல்லாரும் கிளம்பி வாங்க" என்று யாரோ ஒருவர் பேசிய பதிவு எங்கள் கட்டடத்து இளைஞர்கள் கையில் சுற்றியது. ஒரு பையன் மோட்டாரை எடுத்துவிட்டான். கீழே கோப்பிக் கடையில் இருந்த பெரியவர்கள் நிறுத்தி உட்கார வைத்து, அதைச் சத்தமாகப் போடச் சொல்லிக் கேட்டு, கோயிலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற ஒருவருக்குப் போன் போட்டார்கள். அங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பேச்சுவார்த்தைதான் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி வேறு இடம் என்று முடிவானது. அந்த முடிவு சரியா தவறா என்று இன்னும் பேசலாம், எனக்கும் கருத்து இருக்கிறது. அந்தப் பையன் அன்றிரவு மோட்டாரில் போகாமல் இருந்தது நல்லது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

2026 ஜனவரி 1-லிருந்து இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்பு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க விடப் போவதில்லை என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அம்மா, "புள்ளைங்களப் பாத்துக்கறாங்க, நல்லதுதான். எங்கள யாரு பாத்துக்குவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதியவர்களுக்குத் தடை போட முடியாது, போடவும் கூடாது. அவர்களுக்கு வகுப்பு எடுப்பதும் பலிக்கவில்லை என்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். மகன் திட்டுவான், மருமகள் சலித்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அவர்கள் வந்ததை யாரிடமும் காட்ட மாட்டார்கள். அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்வது இது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவரவர் தொலைபேசியில் அன்றைக்கு வந்த குரல் பதிவுகளைக் கூடத்தில் சத்தமாகப் போடுவோம். காதில் மாட்டுகிற கருவி கூடாது. யாரும் யாரையும் "இதையும் நம்புறியா" என்று கேட்கக் கூடாது. கேட்க வேண்டியது தாத்தாவின் ஐந்தடியில் கேட்ட கேள்விகளை. எதிர்வீட்டு அக்கா வருவார், சில நாள் கீழ்மாடிச் சீன ஆண்டியும் வருவார், அவர்கள் குழுவில் வந்ததை மலாயில் சொல்வார். அங்கேயும் அதே கதைகள்தான், சாமி பெயர் மட்டும் வேறு. தம்பிக்கு இதற்கெல்லாம் நேரமில்லை, வேலை முடிந்து வந்தால் அவனுக்கு அமைதி வேண்டும். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சில இரவுகளில் ஒன்றும் உருப்படியாக நடக்காது, அம்மாவும் பெரியம்மாவும் பழைய தோட்டத்துக் கதைக்குப் போய்விடுவார்கள். போகட்டும், அதற்கும்தானே உட்காருகிறோம்.

இதை எழுதுகிற 2025 கடைசியில் பேச்செல்லாம் வருகிற கிரகணத்தைப் பற்றி. 2025 செப்டம்பர் 8 முழுச் சந்திர கிரகணம் நள்ளிரவு தாண்டி 1:30-லிருந்து 2:52 வரை இருந்தது. தூக்கத்தில் போய்விட்டதால் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. அடுத்தது 2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. அன்று கோலாலம்பூரில் நிலா உதிக்கும்போதே முழுக் கிரகணத்தில் இருக்கும், சிவந்த நிலாவாகத்தான் கிழக்கே எழும். இரவு 8 மணியளவில் முழுக் கிரகணம் விடும், 9:17-க்கு நிழல் முழுதும் விலகும். சரியாக இரவுச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் சமைத்தது விஷம், தண்ணீர் விஷம் என்று இப்போதே ஒரு குரல் சுற்றத் தொடங்கிவிட்டது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். 5:50-க்குக் கிரகணம் பிடிப்பதற்கு முன்னால் இட்லி சாப்பிட்டுவிடுகிறேன், 9:17-க்குப் பிறகு குளித்து விளக்கேற்றுகிறேன், நடுவில் மயக்கம் வந்தால் பால் குடிப்பேன், சாமி கோவிச்சுக்காது என்று அவரே தீர்த்துக்கொண்டார்.

தீராமல் இருந்தது எதிர்வீட்டு அக்கா மகளின் விஷயம். மார்ச்சில் அவளுக்கு ஏழாம் மாதம். சிவப்பு நிலாவை மாடியில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. மாமியார் வீட்டுக் குழுவில் வந்த பதிவில், கர்ப்பிணி வெளியே வந்தால் குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று ஒரு ஆண் குரல் அழுத்தந்திருத்தமாகச் சொல்கிறது. அதைக் கூடத்தில் போட்டோம். அம்மா, எதுக்கு வம்பு, உள்ளேயே இரு என்றார். அக்காவும் அதையே சொன்னார். நிலாவைப் பார்ப்பதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். என் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா அந்தப் பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இந்த ஆம்பள எத்தன புள்ள பெத்தானாம்?" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "உங்க அண்ணன், என் மகன், வயித்துல இருக்கும்போது கெரகணத்தன்னிக்கும் நான் மரம் வெட்டப் போனேன். தோட்டத்துல யாரு லீவு கொடுத்தா? விடியக்காலையில அப்படியே வெளியிலதான் நின்னேன். என்கூட நாலு பொம்பளைங்க முழுகாம இருந்தாங்க. அஞ்சு புள்ளையும் நல்லாத்தான் பொறந்துச்சு."

அவள், "இதை எங்க மாமியார்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க பாட்டி" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவை ரவாங்கில் இருக்கிற அந்த மாமியார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.